வெசாக் இரவின் குரல்: மொஹிதீன் பேக்

வெசாக் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கண்டி நகருக்குச் சென்றுவரும் எவரும் ஒரு குறிப்பிட்ட குரலைக் கேளாமல் வீடு திரும்புவது அரிது. தலதா வீதியின் ஒலிபெருக்கிகளில் அது ஒலிக்கும். தன்சல் கொட்டகைகளிலும், கட்டுகஸ்தோட்டைக்கும் கம்பளைக்கும் செல்லும் பஸ்களிலும் ஒலிக்கும். கனத்த குரல், ஆயினும் மேல் ஸ்தாயியில் தடையின்றி ஏறி நிற்கும். புத்தரின் கருணையையும் மும்மணிகளின் சரணத்தையும் அது பாடும். சிங்களம் அறியாத எமது தோட்டப்புறத்து மூதாட்டிகளுக்கும் அக்குரல் தெரியும். அக்குறணைக் கடைவீதியிலுள்ள முஸ்லிம் வணிகர்களுக்கும் தெரியும். ஆயினும் அதற்குரியவர் சேலத்திலே பிறந்து, இஸ்லாமியராகவே வாழ்ந்து, ஹஜ் கடமையையும் நிறைவேற்றி மறைந்தவர் என்பதை எமது இளந்தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவர்?

அல்ஹாஜ் மொஹிதீன் பேக் 1991ஆம் ஆண்டு காலமானார். அவரது வாழ்வைக் கொழும்பிலிருந்து எழுதுவோர் திரைப்படத்திலிருந்தோ வானொலியிலிருந்தோ தொடங்குவது வழமை. கண்டியைச் சூழ வாழும் நாம் அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகத் தொடங்க வேண்டியவர்களாக உள்ளோம். வெசாக், பாட்டு, பள்ளிவாசல் என்ற மூன்றும் இந்நகரில் ஒருமுறை மிகக் கசப்பாகச் சந்தித்திருக்கின்றன.

கம்பளையில் வல்லஹகொட தேவாலயத்தின் பெரஹரா, அம்பகமுவ வீதியிலுள்ள பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் முழங்கலாமா என்பதே அன்றைய பிணக்கு. 1912ஆம் ஆண்டில் அரசாங்க அதிகாரிகள் விதித்த நிபந்தனையை எதிர்த்துத் தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே கண்டி மாவட்ட நீதிமன்றத்தை நாடினார். 1914இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. மனக்காயம் ஆறுவதற்குள் வெசாக் வந்தது. 1915 மே 28ஆம் திகதி நள்ளிரவில், கண்டி காசல் ஹில் வீதியில் பக்திப் பாடல் குழுவினரின் ஊர்வலம் பள்ளிவாசலருகே வந்தபோது மூண்ட கலவரம், சில நாட்களில் கொழும்பு வரையும் அதற்கப்பாலும் பரவியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. ஆங்கில ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்கள மக்கள்மீது தன் பங்குக்குக் கொடுமை புரிந்தது. கலவரக்காரரின் முதல் இலக்காக இருந்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த கரையோர முஸ்லிம்களே. கடல் கடந்து வந்த அந்நியர் என்பதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றம்.

இக்கண்டி இராச்சியத்துக்கு முஸ்லிம்கள் புதியவர்கள் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். போர்த்துக்கேயரால் துரத்தப்பட்டவர்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டில் செனரத் மன்னன் புகலிடம் அளித்தான். மன்னர்களின் அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்கள் இருந்தனர். பொதி மாடுகளில் உப்பும் பாக்கும் கொண்டுசென்ற 'மடிகே' பிரிவினரில் பெரும்பாலோர் முஸ்லிம்களே. இத்தனை நூற்றாண்டு உறவு ஓர் இரவில் ஏன் உதவவில்லை என்ற வினா 1915க்குப் பின்னர் பலமுறை கேட்கப்பட்டுவிட்டது.

மொஹிதீன் பேக் 1919 டிசம்பர் 5ஆம் திகதி சேலத்தில் பிறந்தார். பேக் என்பது மொகலாய வழிவந்த பட்டப்பெயர். தமிழகத்தின் உட்பகுதி நகரங்களில் வாழும் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்களிடையே அதனைக் காணலாம். வீட்டில் உருதும் தெருவில் தமிழுமாக வளர்ந்த அவர் 1930களின் முற்பகுதியில், மீசை அரும்பாத வயதிலேயே கடல் கடந்து கொழும்பு வந்து சேர்ந்தார். அந்நாளில் தலைமன்னார் வழியாக ஆயிரமாயிரம் பேர் இவ்வாறு வந்துகொண்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கண்டிக்கும் ஹட்டனுக்கும் பதுளைக்கும் தோட்டத் தொழிலாளராக ஏற்றப்பட்டனர். சிலர் கடை வைத்தனர். இவருக்கோ குரல் இருந்தது.

அக்குரலுக்கு வாய்த்த சந்தை கிராமபோன் இசைத்தட்டு. சிங்கள இசையுலகம் அப்போது வட இந்திய இசையின் பிடியில் இருந்தது. பார்சி நாடகக் குழுக்கள் இலங்கைக்கு வந்து விதைத்த விதை அது. ஜோன் த சில்வாவின் நூர்த்தி நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லவ்ஜி என்னும் இந்தியக் கலைஞர் 1903இல் அழைத்துவரப்பட்டது முதல், ஹிந்துஸ்தானி மெட்டே சிங்கள மேடையின் மெட்டாயிற்று. மேடையிலிருந்து அது இசைத்தட்டுக்கு இறங்கியது. எச்.எம்.வி., கொலம்பியா நிறுவனங்கள் சிங்களப் பாடல்களைப் பதிவுசெய்து விற்கத் தொடங்கியபோது, அம்மெட்டுகளை இரத்தத்தில் கொண்ட பாடகர்கள் தேவைப்பட்டனர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே கிடைக்கும். அந்த மூன்று நிமிடங்களுக்குள் ஒரு பாவத்தைப் பிடித்து, ஏற்றி, இறக்கி முடிக்க வேண்டும். கஸலும் கவாலியும் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இக்கலை கைவரப் பெறுவதில் வியப்பில்லை.

கொலம்பியா நிறுவனத்துக்கு இசையமைத்துவந்த முகம்மது கௌஸ் மாஸ்டர் இளைஞர் பேக்கை அடையாளங்கண்டார். 1930களின் நடுப்பகுதியில், கே.கே. ராஜலக்ஷ்மி என்னும் பாடகியுடன் இணைந்து அவர் தமது முதல் இசைத்தட்டைப் பாடினார். 'கருணா முஹுதே' எனத் தொடங்கும் அப்பாடல் ஒரு பௌத்த பக்திப் பாடல். ஆகவே பின்னாளில் புகழ்பெற்ற பின்னர் பௌத்த கீதங்களுக்குத் திரும்பியவர் அல்லர் பேக், தொடங்கியதே அங்குதான். இசையமைத்தவர் முஸ்லிம், பாடியவர்களில் ஒருவர் முஸ்லிம், மற்றவரோ இந்துப் பெயர் தாங்கியவர். வாங்கியவர்கள் சிங்கள பௌத்தர்கள். 1915 கலவரத்துக்குப் பின்னர் ஏறக்குறைய இரண்டு தசாப்தங்களே கடந்திருந்த காலம் அது. கண்டியில் பள்ளிவாசலுக்கு முன்னால் பாடியதால் இரத்தம் சிந்திய அதே வகைப் பாட்டை, தென்னிந்திய முஸ்லிம் இளைஞர் ஒருவர் பாட, சிங்கள வீடுகள் பணங்கொடுத்து வாங்கிக் கேட்டன. இதை எவரும் திட்டமிட்டு நிகழ்த்தவில்லை. நல்லிணக்கக் குழு எதுவும் கூடவில்லை. விற்குமா என்று பார்த்தனர், விற்றது.

இதில் பேக் தனித்தவரும் அல்லர். சிங்களத் திரையின் முதல் நட்சத்திரமான ருக்மணி தேவி, நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில், கொழும்புச் செட்டி வழிவந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் 1923இல் பிறந்தவர். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்வோர் கடக்கும் அதே றம்பொடைதான். அவரது முதல் இசைத்தட்டும் புத்தகயாவைப் பற்றிய பக்திப் பாடலே. சிங்கள பௌத்த வீடுகளின் இசைத்தட்டுப் பெட்டியில் முதல் வரிசையில் நின்ற ஆண்குரலும் பெண்குரலும் பௌத்தர் அல்லாதோருடையவை. பேக்கும் ருக்மணி தேவியும் இணைந்து பாடிய பாடல்கள் இன்றும் கேட்கப்படுகின்றன. 1978ஆம் ஆண்டு நிகழ்ந்த வாகன விபத்தில் ருக்மணி தேவி மறைந்தார்.

1947ஆம் ஆண்டு சிங்களத் திரைப்படம் பேசத் தொடங்கியது. ஜனவரி 21ஆம் திகதி திரையிடப்பட்ட முதற் படமான 'கடவுணு பொரொந்துவ' மதுரையில் எஸ்.எம். நாயகம் என்னும் தமிழரால் தயாரிக்கப்பட்டது. சில மாதங்களின் பின்னர் வந்த 'அசோகமாலா'வுக்குக் கௌஸ் மாஸ்டர் இசையமைத்தார். துட்டகைமுனு மன்னனின் மகன் சாலிய, தாழ்ந்த குலத்துப் பெண்ணான அசோகமாலாவைக் காதலித்து அரசுரிமையை இழந்த கதை அது. அதன்மூலம் பேக் திரைக்கு வந்தார். அதே படத்தின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்த இளைஞர் அல்பர்ட் பெரேரா, பின்னாளில் பண்டித் அமரதேவவாக உயர்ந்தார். எல்லாளனை வென்ற மன்னனின் வீட்டுக் கதையைச் சேலத்து முஸ்லிம் பாடியதில் அன்று எவருக்கும் முரண் தென்பட்டதாகத் தெரியவில்லை.

அதன் பின்னர் மூன்று தசாப்தங்கள் அவருக்கு ஓய்வில்லை. நூற்றுக்கணக்கான படங்களில் பாடினார். லதா வல்பொல, ஜி.எஸ்.பி. ராணி பெரேரா ஆகியோருடனும், எமது தமிழ்த் திரையிசை அன்பர்கள் நன்கறிந்த கே. ஜமுனாராணியுடனும் அவர் இணைந்து பாடினார். காதற் பாட்டு, சோகப் பாட்டு, கோமாளிப் பாட்டு எதையும் அவர் விலக்கவில்லை. எனினும் நிலைத்தவை தத்துவப் பாடல்களும் பக்திப் பாடல்களுமே. மனிதன் உயர்வதும் தாழ்வதும் அவன் செயலாலேயே என்ற கருத்தமைந்த 'மினிஸாமயி லொவ' என்னும் பாடலைக் கேட்டவர்கள், சொற்பொருள் தெரியாவிடினும் அதன் கனத்தை உணர்வர். பௌத்த சரணத்தைப் பல்லவியாகக் கொண்டு அவர் பாடிய பாடலோ வெசாக் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அவருக்கு எதிரான விமர்சனத்தையும் மறைப்பதற்கில்லை. ஹிந்தி மெட்டுகளை அப்படியே எடுத்துச் சிங்களச் சொற்களை ஏற்றிப் பாடும் வழக்கம் அக்காலத் திரையிசையின் பெருங்குறை. 1952இல் தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி இலங்கை வானொலியிலிருந்தே இந்தியா முழுவதும் ஒலித்த காலம் அது. அந்த வெள்ளத்தில் சிங்களப் படத் தயாரிப்பாளர்களும் அள்ளிக் குடித்தனர். சுனில் சாந்த போன்றோர் சிங்களத்துக்கெனத் தனி இசைமரபு வேண்டும் என வாதாடினர். 1952ஆம் ஆண்டளவில் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிக்க லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தஞ்ஜன்கர் அழைக்கப்பட்டபோது, அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்த சுனில் சாந்த வானொலியை இழந்தார். தனித்துவம் கேட்டவர் வெளியே நிற்க, பிறநாட்டு மெட்டைப் பாடியவர்கள் உள்ளே இருந்தனர் என்ற மனக்குறை சிங்கள அறிஞரிடையே நெடுங்காலம் நிலவியது. நாம் பேராதனையில் கலைப்பீட மாணவர்களாக இருந்த காலத்திலும் சிங்கள நண்பர்களின் மதிப்பு அமரதேவவுக்கே உரியதாயிருந்தது. பேக் பஸ்ஸுக்கும் பந்தலுக்கும் உரியவர். அம்மதிப்பீட்டில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மெட்டைத் தேர்ந்தவர் தயாரிப்பாளர். பாடகருக்கு வந்துசேர்ந்தது தாளும் மெட்டுமே. இரவல் மெட்டைத் தமதாக்கிப் பாடியதே அவரது தொழில்திறன். முகம்மது ரஃபியின் பாட்டை அவர் சிங்களத்தில் பாடும்போது நாம் கேட்பது ரஃபியின் சாயலை அல்ல. வேறொரு கனமான தொண்டையை.

அவரது உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். கூர்ந்து கேட்டால் சிங்களச் சொற்களின்மேல் உருதுவின் மெல்லிய நிழல் விழுந்திருப்பதை உணரலாம். சிலர் அதனைக் குறை என்பர். பாலி மொழிச் சொற்களை அவர் உச்சரிக்கும்போது அந்த நிழலே ஒரு கம்பீரமாக மாறுகிறது என்பது எமது எண்ணம்.

1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தவர் என நிரூபிக்க இயலாதோர் வம்சாவளிக் குடியுரிமையை இழந்தனர். கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து பதுளை வரை ஏழு இலட்சம் அளவிலான தமிழர் நாடற்றோராயினர். சட்டத்தின் கண்ணில் சேலத்தில் பிறந்த பாடகரின் நிலையும் அவர்களின் நிலையும் ஒன்றே. ஆனால் அச்சட்டத்திலேயே ஒரு சிறு கதவு இருந்தது. நாட்டுக்குச் சிறப்பான சேவை புரிந்தோரை, ஆண்டுக்குக் குறிப்பிட்ட சிலரை மட்டும், குடியுரிமையாளராகப் பதிவுசெய்ய அது இடமளித்தது. 1956இல், புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டு நிறைவுபெற்ற புத்த ஜயந்தி நாடெங்கும் கொண்டாடப்பட்டபோது பேக்கின் குரல் அதன் குரல்களுள் ஒன்றாயிற்று. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அவருக்குச் சிறப்புக் குடியுரிமை அளித்துக் கௌரவித்தார்.

அந்த ஆண்டை நாம் மறக்க முடியாது. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது அதே 1956இல்தான். பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியதும் அவ்வாண்டிலேயே. சிங்களப் பண்பாடு தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்துப் பெருமிதம் கொண்ட வேளையில், தமிழ் பேசுவோர் அதே கண்ணாடியிலிருந்து அகற்றப்பட்டனர். பேக் மட்டும் அதில் இருந்தார். தேயிலை பறித்து நாட்டின் செல்வத்தை ஈட்டியது சிறப்பான சேவையாகக் கணிக்கப்படவில்லை, பாடியது கணிக்கப்பட்டது. இதற்காகப் பாடகரைக் குறைகூறுவது நியாயமன்று. அவர் கதவைத் தட்டவில்லை, திறக்கப்பட்டது. ஆனால் கொடுத்தவர்களை நோக்கி இக்கேள்வியைக் கேட்க மலையக மக்களுக்கு உரிமையுண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோருக்குச் சட்டம் முழுமையாக வழிவிட்டது 2003ஆம் ஆண்டிலேயே. பேக் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன.

இனி, எமது முஸ்லிம் வாசகர்கள் சிலர் மெல்லிய குரலிலே கேட்கும் வினாவுக்கு வருவோம். இன்னொரு மதத்தின் சரணத்தை ஒரு முஸ்லிம் பாடலாமா? இசையையே ஐயத்துடன் நோக்கும் மரபு இஸ்லாத்தில் உண்டு. அதிலும் பிற சமயத்தின் பிரார்த்தனை என்னும்போது ஐயம் இரட்டிக்கும். இதற்கு மார்க்கத் தீர்ப்பு வழங்குவது எமது பணியன்று. வரலாறு காட்டுவதை மட்டும் கூறலாம். பேக் மதம் மாறவில்லை, பெயரை மாற்றவில்லை. அன்றைய திரையுலகில் பெயரை மாற்றிக்கொள்வது எளிது, இலாபகரமானதும்கூட. டெய்சி டானியல்ஸ் ருக்மணி தேவியானார். பம்பாயில் யூசுப் கான் திலீப் குமாரானார். மொஹிதீன் பேக் மட்டும் இசைத்தட்டின் வட்ட முகப்பில் மொஹிதீன் பேக்காகவே அச்சிடப்பட்டார். பின்னாளில் அல்ஹாஜ் என்ற அடைமொழியும் அதன் முன்னால் சேர்ந்தது. தமிழில் இஸ்லாமிய கீதங்களையும் அவர் பாடினார். வெசாக் பாட்டைக் கேட்கும் சிங்களவர் எவருக்கும் அது யார் குரல் என்பதில் ஐயமிருக்கவில்லை. தம்மை மறைத்துக்கொண்டு அவர் பாடவில்லை என்பதே இதில் எமக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்திய உபகண்டத்தில் இது புதுமையும் அன்று. 1952இல் வெளிவந்த 'பைஜு பாவ்ரா' படத்தில் ஹரியைப் போற்றும் புகழ்பெற்ற பஜனையை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் ரஃபி; மூவரும் முஸ்லிம்கள். திருவரங்கத்தில் வாழ்ந்த நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானா இந்துக் கோயில்களில் வாசித்துத் தம் சமயத்திலும் வழுவாதிருந்தார். கேரளத்திலோ யேசுதாஸின் குரலில் ஐயப்பனுக்கு இரவுத் தாலாட்டு ஒலிக்க, குருவாயூர்க் கோயிலுள் அவர் நுழைய முடியாத நிலை நெடுங்காலம் பேசப்பட்டது. குரலுக்கு வழிவிட்டு ஆளை வாசலில் நிறுத்தும் இவ்வழக்கம் ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் உரியதன்று.

இலங்கையில் விகாரை வாசல் பேக்குக்கு அடைபடவில்லை. அரசு அவருக்குக் 'கலாசூரி' விருதளித்தது. அரச மேடைகளும் பத்திரிகைகளும் அவரை இன ஒற்றுமையின் சின்னம் எனப் போற்றின. அவ்வாறு போற்றப்பட்டவரின் இறுதி ஆண்டுகள் எத்தகையவை என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 1983இன் ஆடிக் கலவரம், அதன்பின் போர். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் புலிகளால் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டனர். தமிழ் பேசும் இரு சமூகங்களும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்க்க நேர்ந்த அந்த நாட்களின் நடுவே, 1991 நவம்பர் 4ஆம் திகதி, தமது எழுபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னதாக மொஹிதீன் பேக் காலமானார்.

அவரது பெயர் இன்று மேடைகளில் வேறொரு பணிக்கும் பயன்படுகிறது. இந்நாட்டில் இனவாதம் இல்லை எனச் சொல்ல விரும்பும் அரசியல்வாதி, பேக்கை நினைவூட்டித் தம் பேச்சை முடித்துக்கொள்கிறார். இதில் எமக்கு உடன்பாடில்லை. ஒரு பாடகரை நேசிப்பது வேறு, அவரது சமூகத்தவரின் கடை அடுத்த தெருவில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது வேறு. முன்னதற்கு எவ்வித விலையும் இல்லை. 2018 மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனையிலும் தெல்தெனியாவிலும் பரவிய வன்முறை அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வரை நீண்டது. தாக்குதலுக்குள்ளான சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்ததைக் காரணங்காட்டி, அச்சம்பவத்தோடு எவ்விதத் தொடர்புமற்றோரின் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. தீயில் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அதற்கு எட்டு வாரங்களின் பின்னர், ஏப்ரல் 29ஆம் திகதி வெசாக் பௌர்ணமி வந்தது.

அவ்வேளையில் இந்நகரத்து முஸ்லிம்களுட் சிலர் அப்பாடல்களை முன்போலக் கேட்க முடியவில்லை என்றனர். வேறு சிலரோ, அவற்றை இன்னும் உரத்து ஒலிக்கவிட வேண்டும் என்றனர். இருசாராரையும் எம்மால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பாட்டுக்குக் கலவரத்தைத் தடுக்கும் வலு இல்லை. ஆயினும் அந்நியர் எனத் துரத்தத் துணிபவர்களின் வீட்டு வானொலியிலேயே அந்த அந்நியரின் குரல் ஆண்டுதோறும் ஒலிக்கிறது. அக்குரலை அகற்ற வேண்டுமாயின் அவர்கள் தம் வெசாக்கையும் ஓரளவு அகற்ற வேண்டியிருக்கும். சேலத்து இளைஞர் பாடிச் சேர்த்துவைத்தது அத்தகையதொரு பங்கு. அரச பத்திரத்தில் பதியப்பட்ட குடியுரிமையைவிட உறுதியான பதிவு அது என்பதே எமது கணிப்பு.

தமிழில் அவரைப் பற்றி விரிவான நூல் ஒன்று இன்னமும் தேவைப்படுகிறது. சிங்கள இசை வரலாற்றாசிரியர்கள் அவரைத் திரையிசையின் ஓர் அத்தியாயமாக எழுதுகின்றனர். எமது பக்கத்திலோ அவர் முழுமையாக எமக்குரியவராகவும் கருதப்படவில்லை, பிறராகவும் கருதப்படவில்லை. கண்டியில் முஸ்லிம், தமிழ்ப் பாடசாலைகள் பல உள்ளன; பேராதனையில் தமிழ்த்துறை உள்ளது. 1915இன் பள்ளிவாசல் வழக்கைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர், அதற்கு இருபது ஆண்டுகளின் பின் வந்த அந்த முதல் இசைத்தட்டையும் ஒருமுறை தேடிக் கேட்பாராயின் வரலாறு வேறு கோணத்திலும் தென்படும். பழைய தட்டுகளைச் சேகரிப்போர் அவரது பாடல்கள் பலவற்றை இணையத்தில் ஏற்றியுள்ளனர். ஊசி உரசும் இரைச்சலுக்கு நடுவே அவை ஒலிக்கின்றன.

அவரது மகன் இஷாக் பேக்கும் பாடகராகவே அறியப்பட்டார். தந்தையின் பாடல்களை, பௌத்த கீதங்கள் உட்பட, அவர் சிங்கள மேடைகளில் பாடிவந்தார்.